மார்ட்மெயின்: 'செத்த கை' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும்?

பெயர்ப்புப்பணி எழுதியது:

வணக்கம். இடைக்கால இங்கிலாந்தின் நிலவுடைமை பற்றிய வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'மார்ட்மெயின்' என்ற பழைய சட்டச்சொல் அதில் அடிக்கடி வருகிறது. என்னிடமுள்ள சட்டச் சொற்பட்டியல் இதற்குப் 'பராதீனம் செய்ய இயலாத சொத்து', அதாவது பிறருக்குக் கைமாற்ற முடியாத சொத்து, என்று ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. முதல் இரண்டு அதிகாரங்களை அந்தத் தொடரைக் கொண்டே ஒப்பேற்றிவிட்டேன். மூன்றாவது அதிகாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

அங்கே வரும் ஒரு வாக்கியத்தை இப்படிப் பெயர்த்திருக்கிறேன்: 'மடம் அரசருக்கு அபராதம் கட்டி, 20 ஏக்கர் நிலத்தைப் பராதீனம் செய்ய இயலாத சொத்தாகப் பெறுவதற்கு உரிமம் வாங்கியது.' எழுதி முடித்தபின் எனக்கே இது விளங்கவில்லை. விற்க முடியாத நிலத்தைப் பெறுவதற்கு ஒருவர் எதற்காகப் பணம் கட்ட வேண்டும்? மடம் செய்த குற்றம் என்ன, அபராதம் கட்டுவதற்கு? தடை என்றால் விற்பவருக்குத்தானே இருக்க வேண்டும், வாங்குபவர் ஏன் உரிமம் கேட்டு நிற்கிறார்?

இந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'செத்த கை' என்று ஓரிடத்தில் படித்தேன். அப்படியே எழுதினால் வாசகர் மிரண்டுவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. நம்மிடம் 'தேவதானம்' என்ற பழைய சொல் தயாராக இருக்கிறதே, அதைப் பயன்படுத்திவிடலாமா? சட்டமோ கல்வெட்டோ அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒற்றிச்சீட்டு எழுதியது:

உங்கள் பெயர்ப்பு இடறுவதற்கு முழுப்பொறுப்பும் அந்தச் சொற்பட்டியலுடையது. நிலம் மடத்துக்குப் போனபின் நடந்ததை அது சொல்கிறது; நிலம் போகும்போது நடந்த தகராறைச் சொல்லவில்லை. மார்ட்மெயின் என்ற சொல் பிறந்ததே அந்தத் தகராறில்தான்.

பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இது. லத்தீனில் 'மோர்த்துவா மானுஸ்', அதாவது செத்த கை. மடம், பேராலயம், பிற்காலத்தில் நகரசபை, தொழிற்குழு என்று சாவே இல்லாத ஓர் அமைப்பின் கைக்கு நிலம் போய்ச் சேர்வதைத்தான் 'செத்த கைக்குள் போவது' என்றார்கள். சாவில்லாதவனின் கையை ஏன் செத்த கை என்றார்கள் என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

அக்கால இங்கிலாந்தில் நிலம் வைத்திருந்த எவரும் ஒரு மேலாளரின், அதாவது நிலப்பிரபுவின், கீழ்தான் வைத்திருந்தார். மேலாளருக்கு மேலாளர் என்று போய், கடைசியில் அரசர் இருந்தார். மேலாளருக்குக் கிடைத்த வரும்படியில் பெரும்பகுதி, கீழே இருப்பவர் இறந்தால்தான் கிடைக்கும். வாரிசு நிலத்தில் நுழையும்போது ஒரு தொகை கட்ட வேண்டும். வாரிசு சிறுவனாக இருந்தால், அவன் வயதுக்கு வரும்வரை நிலத்தின் வருவாய் மேலாளருக்குச் சேரும்; அவனுக்குத் திருமணம் முடித்துவைக்கும் உரிமையையே விலைபேசி விற்றார்கள். வாரிசே இல்லையென்றால் நிலம் மேலாளரிடம் திரும்பிவிடும். இப்போது அதே நிலத்தை ஒருவர் மடத்துக்கு எழுதிவைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடத்துக்குச் சாவில்லை, வாரிசில்லை, சிறுபிராயம் இல்லை, திருமணமும் இல்லை. மேலாளரின் வருவாய் அத்தனையும் ஒரே நாளில் வற்றிவிடுகிறது.

1217-ஆம் ஆண்டில் மறுபடி வெளியிடப்பட்ட மாக்னா கார்ட்டா என்ற அரச உரிமைச் சாசனத்திலேயே இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. முழுத்தடை 1279-இல், முதலாம் எட்வர்ட் காலத்தில் வந்தது. தடையை மீறி நிலம் மடத்துக்குப் போனால், நேர் மேலாளர் ஓராண்டுக்குள் நிலத்தில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம்; அவர் சும்மா இருந்துவிட்டால் அவருக்கு மேலுள்ளவர் அடுத்த அரையாண்டுக்குள் எடுத்துக்கொள்ளலாம்; எல்லாரும் சும்மா இருந்தால் அரசர் எடுத்துக்கொள்வார். மடங்களும் சளைக்கவில்லை. கொடுப்பவர்மீது பொய்யாக வழக்குப் போட்டு, அவர் வேண்டுமென்றே தோற்று, தீர்ப்பின் வழியாக நிலம் வந்ததாகக் காட்டினார்கள். 1285-இல் அந்த வழி அடைபட்டது. பிறகு மூன்றாமவர் பெயரில் நிலத்தை வைத்துப் பயனை மட்டும் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். கோயிலை ஒட்டிய வயலைப் போப்பின் ஆணையைக் காட்டிக் கல்லறைத் தோட்டமாகப் புனிதப்படுத்தி வளைத்துக்கொண்டதும் உண்டு. 1391-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஒரு சட்டம் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது என்றால், அதற்கு முன் எத்தனை வயல்கள் அப்படிப் போயிருக்க வேண்டும்!

உங்கள் வாக்கியத்தில் வரும் உரிமம் இந்தத் தடைக்கான விலக்கு. அரசர் உரிமம் தருவதற்கு முன்பு, இந்த நிலம் மடத்துக்குப் போனால் அரசருக்கும் பிறருக்கும் என்ன நட்டம் என்று உள்ளூரில் விசாரணை நடத்துவார்கள். விசாரணை முடிந்து, ஒரு தொகை கைமாறியபின் உரிமம் கிடைக்கும். அந்தத் தொகையைத்தான் நீங்கள் அபராதம் என்று பெயர்த்திருக்கிறீர்கள். மூலத்தில் 'ஃபைன்' என்று இருந்திருக்கும். முடிவு என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த அது, ஒரு காரியத்தைப் பேசி முடித்துக்கொள்ளத் தரும் பணத்தைக் குறிக்கும். தண்டனை என்ற பொருள் அங்கே இல்லை. 'உரிமத் தொகை' என்று எழுதுங்கள்.

ஆகவே, மார்ட்மெயின் சட்டங்கள் தடுத்தது நிலம் உள்ளே போவதை. உள்ளே போன நிலம் வெளியே வருவதை அவை தடுக்கவில்லை. வெளியே வருவதற்கான தடைகள் தனி வழியில் வந்தவை. திருச்சபைச் சட்டம் கோயில் சொத்தை விற்பதைக் கட்டுப்படுத்தியது. 1571-இல் எலிசபெத் அரசி காலத்துச் சட்டம் ஒன்று, திருச்சபை நிலங்களை 21 ஆண்டுக்கோ மூன்று ஆயுட்காலத்துக்கோ மேல் குத்தகைக்கு விடுவது செல்லாது என்றது. இந்த இரண்டும் சேர்ந்த விளைவைத்தான் உங்கள் சொற்பட்டியல் 'பராதீனம் செய்ய இயலாத' என்று சுருக்கியிருக்கிறது.

இனிச் செத்த கை. இதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. துறவு பூண்டவர் சட்டத்தின் பார்வையில் இறந்தவர். ஆகவே அவர் கையும் செத்த கைதான் என்பது பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் ஏற்ற விளக்கம். மேலாளரைப் பொறுத்தவரை அந்தக் கையிலிருந்து சேவகமோ வருவாயோ எதுவும் வராது, அதனால் அது செத்த கை என்பது அவருக்கு முந்தைய நீதிபதி எட்வர்ட் கோக் தரும் விளக்கங்களில் ஒன்று. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. நகரசபைக்கும் தொழிற்குழுவுக்கும் நிலம் போனதையும் இதே சொல்லால் குறித்திருக்கிறார்கள்; அங்கே துறவி எவரும் இல்லை.

கல்லெழுத்து எழுதியது:

தேவதானம் வேண்டாம் என்பதே என் கருத்து, நண்பரே. அது கொடையின் பெயர். கோயிலுக்குக் கொடுத்தது தேவதானம், பிராமணருக்குக் கொடுத்தது பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடுத்தது பள்ளிச்சந்தம். பெறுபவர் யார் என்பதைச் சொல்லும் சொற்கள் இவை. விற்கலாமா கூடாதா என்பதற்கும் இந்தச் சொற்களுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. இங்கிலாந்து மடத்தின் நிலத்தைத் தேவதானம் என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் அரசர் விரும்பி அளித்த கொடை என்ற படம்தான் எழும். உங்கள் நூலிலோ அரசர் அதைத் தடுக்கப் பார்க்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் 'இறையிலி' என்ற சொல் ஓரளவு அருகில் வரும். வரி நீக்கப்பட்ட நிலம் அது. மேலே இருப்பவருக்கு வர வேண்டிய வருவாய் நின்றுபோவது இரண்டுக்கும் பொது. ஆனால் இங்கே அந்த இழப்பை அரசரே அறிந்து ஏற்றுக் கல்லில் வெட்டிவைக்கிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. தேவதானக் கல்வெட்டுகளில் சில 'குடிநீக்கி' என்கின்றன, சில 'குடிநீங்கா' என்கின்றன. குடிநீக்கிய தேவதானத்தில் முன்பிருந்த பயிர்க்குடிகளின் உரிமை விலக்கப்படுகிறது. குடிநீங்காத் தேவதானத்தில் அவர்கள் உரிமை அப்படியே இருக்க, அரசருக்குச் சேரவேண்டிய பங்கு மட்டும் கோயிலுக்கு மாறுகிறது. இந்த இரண்டாவது வகையில் கோயிலுக்குரிய பங்கான மேல்வாரம் அசையாமல் இருக்க, கீழே பயிரிடுபவரின் பங்கான குடிவாரம் கைமாறிக்கொண்டே இருக்க முடியும். 'இந்த நிலத்தை விற்க முடியாது' என்று பொதுவாகச் சொல்வதே அங்கே தவறாகிவிடும். யாருடைய எந்த உரிமையை என்று கேட்டாக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் செத்த கை என்பதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்கு எரிக்க ஆடு கொடுத்த கல்வெட்டுகள் சோழர் காலத்தில் ஏராளம். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கணக்குப்படி, ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. பெற்றுக்கொண்ட இடையர், ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு என்ற சிறு அளவு நெய் அளந்தாக வேண்டும். அவருக்குப் பின் அவர் வழிவந்தவர்களும் அளக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன.

சாகாத, மூப்படையாத ஆடு உலகத்தில் ஏது? குட்டி ஈனும், கிழடாகும், நோயில் போகும், கிடாயை விற்றிருப்பார்கள். ஆனால் 96 என்ற எண் மட்டும் குறையக்கூடாது. செத்ததை ஈனும் குட்டி ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். இங்கே கைமாற்றக்கூடாதது அந்த ஆடோ இந்த ஆடோ அல்ல, முதல். இன்றைய பேச்சில் மூலதன நிதி என்பார்களே, அதை இத்தனை அழகாக எந்தச் சட்டப் புத்தகமும் சொன்னதில்லை என்பது என் துணிபு. இங்கிலாந்தில் வருவாயை இழந்த மேலாளர் 'செத்த கை' என்று பெயர் வைத்தார். இங்கே கொடுத்தவரின் பக்கத்தில் நின்று 'சாவா மூவா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டும் குறிப்பது முடிவில்லாத உடைமையைத்தான்.

தடையை மீறுபவரை என்ன செய்வார்கள் என்றால், கல்வெட்டின் கடைசி வரிகளைப் பார்க்க வேண்டும். 'கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம் கொள்வார்' என்று ஒரு வகை; பிற்காலத்தில் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போகக்கடவர் என்று ஒரு வகை. சாபத்தை மட்டும் நம்பியிருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அரசு அதிகாரிகள் வந்து கோயில் கணக்கை ஆராய்ந்து, கையாடியவர்களைத் தண்டித்த செய்திகளும் கல்வெட்டுகளில் இருக்கின்றன.

பத்திரநடை எழுதியது:

கல்லெழுத்து ஐயா சொன்ன ஆடு அருமை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டு 'சாவா உடைமை' என்று எழுதிவிடுவாரோ என்ற அச்சத்தில் இதை எழுதுகிறேன். மூலச்சொல்லில் ஒரு குறைபாடு இருக்கிறது, ஒரு கசப்பு இருக்கிறது. அரசரும் மேலாளர்களும் மடங்களின்மீது வைத்த குற்றச்சாட்டு அது. சாவா மூவா என்பது வாழ்த்து. குற்றச்சாட்டை வாழ்த்தாகப் பெயர்த்தால் நூலின் தொனி தலைகீழாகிவிடும்.

'பராதீனம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறர் வசம் என்பது அதன் வடமொழிப் பொருள். நம் பத்திரங்களில் அது விற்பனை, தானம், அடமானம், ஒத்தி என்று எல்லா வகையான கைமாற்றத்தையும் அடக்கிய ஒரு பெட்டி. சொத்து முழு உரிமையுடையது என்றால் 'தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்வது' என்று எழுதுவார்கள். தர்ம சாசனம் என்றால் அதே இடத்தில் 'யாதொரு பராதீனமும் செய்ய அதிகாரமில்லை' என்று வரும். ஒரு சாசனத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடும் வரி இந்த இரண்டில் ஒன்றைத்தான். ஆக, 'பராதீனம் செய்ய இயலாத' என்பது நல்ல தமிழ்ச் சட்டத்தொடர்தான்; அது தர்ம சொத்துக்குப் பொருந்தும், மார்ட்மெயினுக்குப் பொருந்தாது.

நம் சட்டத்தில் தடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால், ஒற்றிச்சீட்டு அவர்கள் சொன்ன உள்ளே வெளியே என்னும் வேறுபாடு இன்னும் துலங்கும். தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, கோயிலின் அசையாச் சொத்தை விற்பதும், பரிவர்த்தனை செய்வதும், அடமானம் வைப்பதும், ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் ஆணையரின் ஒப்புதல் இல்லாவிட்டால் செல்லாது என்கிறது. கோயிலுக்கு அது அவசியமானது அல்லது நன்மை தருவது என்று ஆணையருக்குத் தோன்றினால் மட்டுமே ஒப்புதல். இங்கே நிலம் கோயிலுக்குள் போக யாரும் உரிமம் கேட்கவில்லை. வெளியே வரத்தான் கேட்கிறார்கள். 1279-ஆம் ஆண்டுச் சட்டத்தை அப்படியே திருப்பிப் போட்டது போல இருக்கிறது.

இந்த ஏற்பாடு 1959-இல் புதிதாக முளைத்ததும் அல்ல. கோயில், மடச் சொத்துகளை நிருவகிப்பவர் தக்க அவசியம் இருந்தால் ஒழிய அவற்றைக் கைமாற்ற முடியாது என்பதை, அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் பலமுறை சொல்லியிருக்கிறது. சென்னை மாகாணத்திலிருந்து போன வித்யா வாருதி தீர்த்தர் வழக்கில், 1921-இல், மடாதிபதி அவசியமின்றி எழுதிக்கொடுத்த நிரந்தரக் குத்தகை அவர் காலத்துக்கு அப்பால் மடத்தைக் கட்டாது என்று முடிவாயிற்று.

சரி, இங்கிலாந்தின் உள்ளே போகாதே என்ற தடை ஆங்கிலேயரோடு இங்கே வந்ததா? வர முயன்றது. 1736-இல் அங்கே ஒரு புதிய மார்ட்மெயின் சட்டம் வந்திருந்தது. அதன் கவலை மேலாளரின் வருவாய் அல்ல. மரணப்படுக்கையில் ஒருவர் குடும்பத்தை மறந்துவிட்டு நிலத்தைத் தர்மத்துக்கு எழுதிவிடுவார் என்ற கவலை. ஆகவே இறப்பதற்கு 12 மாதத்துக்கு முன்பே பத்திரம் எழுதி, ஆறு மாதத்துக்குள் பதிந்திருக்க வேண்டும் என்றது. 1800-இல் லக்னோவில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி கிளாட் மார்ட்டின், தான் பிறந்த பிரான்சின் லியோன் நகருக்கும் கல்கத்தா, லக்னோ நகரங்களுக்கும் தர்மங்கள் எழுதிவைத்திருந்தார். அந்த உயில் தொடர்பான வழக்கில், 1736-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று பிரிவி கவுன்சில் 1836-இல் சொல்லிவிட்டது. இங்கிலாந்திலேயே அந்தச் சட்டங்களின் மிச்சம் 1960-இல் தர்ம நிறுவனச் சட்டத்தோடு ஒழிந்தது.

தனிமனிதர் தம் பிள்ளைகளுக்கு எழுதும்போது 'ஒருபோதும் விற்கக்கூடாது' என்று நிபந்தனை போட்டால் அது நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சொத்து மாற்றச் சட்டம், 1882, பிரிவு 10 அந்த முழுத்தடையைச் செல்லாததாக்குகிறது. தலைமுறை தலைமுறையாகச் சொத்தைக் கட்டிப்போடுவதைப் பிரிவு 14 தடுக்க, பொதுநன்மைக்கான கொடைகளுக்குப் பிரிவு 18 விலக்குத் தருகிறது. பாட்டனார் பேரனுக்குப் போட்ட பூட்டு திறந்துவிடும். தெய்வத்துக்கோ தர்மத்துக்கோ போட்ட பூட்டு எளிதில் திறக்காது.

என் பரிந்துரை: முதல் முறை வரும்போது 'செத்த கை உடைமை' என்று அப்படியே எழுதி, இரண்டு வரி விளக்கம் கொடுங்கள். வாசகர் மிரளட்டும், அதில் தவறில்லை. ஆங்கிலேய வாசகருக்கும் அந்தச் சொல் கொஞ்சம் மிரட்டத்தான் செய்கிறது.

ஒற்றிச்சீட்டு எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை. உங்கள் நூல் பிரான்சுக்கும் போகுமானால், அங்கே இதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. 'மேன்மோர்ட்' என்பது அங்கே பண்ணையடிமையின் நிலையையும் குறித்தது. தன் உடைமையைத் தன் விருப்பப்படி எழுதிவைக்க முடியாதவர் அவர். உடன் வாழும் பிள்ளைகள் இல்லாமல் இறந்தால் அவர் சொத்து பண்ணையாருக்குப் போய்விடும். அங்கே செத்தது அடிமையின் கை. பதினாறாம் லூயி 1779-இல் அரச நிலங்களில் இதை நீக்கினார். மீதம் 1789-ஆம் ஆண்டுப் புரட்சியில் போயிற்று. இங்கிலாந்து அதிகாரங்களில் வைத்த சொல்லை அங்கே ஒட்டவைத்தால், மடத்தையும் அடிமையையும் ஒன்றாக்கிவிடுவீர்கள்.

பெயர்ப்புப்பணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பிரான்ஸ் பற்றி ஏழாம் அதிகாரத்தில் ஒரு பகுதி இருக்கிறது; நல்லவேளையாக இன்னும் அங்கே கைவைக்கவில்லை.

சாவா மூவாப் பேராட்டை விட மனம் வரவில்லை; ஆனாலும் பத்திரநடை அவர்கள் சொன்ன தொனிச் சிக்கல் சரிதான். அதை மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் வைத்துக்கொள்கிறேன். மூன்றாம் அதிகார வாக்கியத்தை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: 'அந்த 20 ஏக்கர் நிலம் செத்த கைக்குள் போவதற்கு அரசரின் உரிமம் தேவைப்பட்டது, யாருக்கு என்ன நட்டம் என்ற விசாரணை முடிந்தபின், மடம் உரிமத் தொகையைக் கட்டி அதைப் பெற்றது.' மூலத்தில் ஒரே வாக்கியம். விசாரணை பற்றி மூல ஆசிரியர் அடுத்த பத்தியில் சொல்வதை முன்னால் இழுத்திருக்கிறேன். இது எல்லை மீறலா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பத்திரநடை எழுதியது:

விசாரணையை அடுத்த பத்தியிலேயே விட்டுவிடுங்கள், அம்மா. 'செத்த கைக்குள் போவதற்கு அரசரின் உரிமம் தேவைப்பட்டது' என்றவுடனேயே தடை எந்தப் பக்கம் என்பது விளங்கிவிடுகிறது. முதல் இரண்டு அதிகாரங்களில் 'பராதீனம் செய்ய இயலாத' என்று போட்ட இடங்களை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள். 1571-ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவற்றைப் பேசும் இடங்களில் அதுதான் சரியான தொடர். ஒவ்வொன்றாகப் பார்த்து, நிலம் உள்ளே போகிறதா, வெளியே வர முடியாமல் நிற்கிறதா என்று கேட்டு மாற்றுங்கள்.